என் மகளுக்கு ஏன் தோழிகளே இல்லை?

அன்புள்ள ஆலோசகருக்கு,

மலேசியாவில் சுங்கை சிப்புட் பக்கம் ஒரு தாமானில் (வீடமைப்புப் பகுதியில்) இருக்கிறோம். மகளுக்கு ஆறு வயது. பாலர் பள்ளிக்குப் போகிறாள். ஒரு தோழிகூட இல்லை. "ஓரமாக நின்று மற்றவர்கள் விளையாடுவதைப் பார்த்துக்கொண்டே இருக்கிறாள்" என்கிறார் ஆசிரியை. நாத்தனார் மகனுக்கும் இதே வயதுதான். கடைக்காரரிடம்கூடக் கதை பேசுவான். நான் பொத்திப் பொத்தி வளர்த்ததுதான் காரணம் என்று மாமியார் குத்திக்காட்டுகிறார். பிறந்தநாளுக்கு வகுப்புப் பிள்ளைகள் எல்லோரையும் அழைத்தேன். இவள் அறைக்குள் போய் உட்கார்ந்துகொண்டாள். அவ்வளவு செலவும் வீண். மாமியார் இருக்கும் தோட்டத்துக்குப் போனால் மட்டும், தோட்டத் தொழிலாளர்கள் குடியிருக்கும் லயத்துப் பிள்ளை ஒருத்தியோடு ரப்பர் கொட்டைகளை வைத்துக் கடை விளையாடுவாள். அந்தப் பேச்சும் பழக்கமும் ஒட்டிக்கொள்ளுமோ என்று இப்போது அங்கே போவதைக் குறைத்துவிட்டேன். லயத்தைவிட்டு வெளியே வர நாங்கள் பட்டபாடு கொஞ்சமா? அடுத்த வருடம் முதலாம் ஆண்டு. நாத்தனார் மகனைப் போல இவள் ஏன் இல்லை?

அன்புச் சகோதரிக்கு,

உங்கள் மகளுக்குத் தோழி இருக்கிறாள். போகிறபோக்கில் நீங்களே அதை எழுதிவிட்டு, நாத்தனார் மகனிடம் திரும்பிவிட்டீர்கள்.

கடை விளையாட்டில் ஒருத்தி விற்க வேண்டும், ஒருத்தி வாங்க வேண்டும். விலையில் சண்டை வரும், சமாதானம் ஆக வேண்டும், முறை மாற வேண்டும். பழகத் தெரிவது என்பது இதுதான். உங்கள் மகளுக்கு அது வருகிறது. வீடு நிறையப் பிள்ளைகள் வந்தபோது அறைக்குள் போனது அவள் சுபாவம். ஓரமாக நிற்பதற்கும் பயப்பட வேண்டாம். பாலர் பள்ளிப் பிள்ளைகளின் விளையாட்டை ஆராய்ந்து 1932இல் எழுதிய மில்ட்ரெட் பார்ட்டன், பிறர் விளையாடுவதைப் பார்த்து நிற்பதையும் பங்கேற்பின் ஒரு வகையாகவே கணக்கில் எடுத்துக்கொண்டார்.

எனக்குக் கவலை தருவது வேறு. அவளாகத் தேடிக்கொண்ட ஒரே தோழியிடமிருந்து அவளை விலக்கியிருக்கிறீர்கள். நீங்கள் பட்டபாட்டை மதிக்கிறேன். ஆனால் லயத்தைப் பற்றிய பயம் உங்களுடையது. அதை ஆறு வயதுப் பிள்ளை சுமப்பது நியாயமில்லை. தனக்குப் பிடித்தவள் அம்மாவுக்கு ஆகாதவள் என்று கண்ட பிள்ளை, அடுத்தவளிடம் எப்படித் துணிந்து போவாள்? கெட்ட வார்த்தை ஒன்றிரண்டு வந்தால் திருத்திக்கொள்ளலாம்.

வகுப்பிலிருந்தும் ஒரு நேரத்தில் ஒரு பிள்ளையை மட்டும் வீட்டுக்கு அழையுங்கள். பள்ளி பழகிய பிறகும், ஒரு மாதத்துக்கு மேலாக ஆசிரியையிடம்கூட அவள் வாய் திறக்கவில்லை என்றால் மருத்துவரிடம் காட்டுங்கள்.

இந்த வார இறுதியில் தோட்டத்துக்குப் போங்கள். அந்தப் பிள்ளையின் அம்மாவிடம் நீங்களே பேசி, ஒரு நாள் அவளை உங்கள் வீட்டுக்கு விளையாட அனுப்பச் சொல்லுங்கள்.