பழைய டிசைனர் உடைகள்: வாசகர் கேள்வி பதில்

கேள்வி: 1960-களில் தைக்கப்பட்ட டிசைனர் கவுன் ஒன்றை வாங்க விரும்புகிறேன். லேபிளில் 12 என்று இருக்கிறது. நான் இப்போது அணிவதும் அதே அளவுதான். நம்பி வாங்கலாமா?

பதில்: லேபிளை நம்பி வாங்க வேண்டாம், பெரும்பாலும் உங்களுக்குச் சிறியதாகவே இருக்கும். அமெரிக்காவின் சியர்ஸ் நிறுவனம் 1937-ல் வெளியிட்ட விலைப்பட்டியலில், 32 அங்குல மார்பளவுள்ள உடைக்கு 14 என்ற எண் இருந்தது. அதே மார்பளவு 1967-ல் 8 ஆகி, 2011-ல் 0 என்ற எண்ணுக்கு இறங்கிவிட்டது. நாட்டுக்கு நாடும் எண் வேறுபடும்: பிரான்சின் 38 இத்தாலியில் 42. ஆகவே, உடையைச் சமதளத்தில் விரித்து, அக்குளிலிருந்து அக்குள் வரையிலும், இடையின் குறுக்காகவும், தோள் தையல்களுக்கு இடையிலும் அளந்து சொல்லும்படி விற்பவரிடம் கேளுங்கள். உங்களுக்குக் கச்சிதமாகப் பொருந்தும் கவுன் ஒன்றையும் அதே முறையில் அளந்து ஒப்பிட்டால் ஏமாற்றம் இராது.

தோள் பொருந்தாவிட்டால் அந்த உடையை விட்டுவிடுவதே நல்லது. தோளைப் பிரித்துத் தைப்பது பெரிய வேலை. வெட்டின் அழகும் கெட்டுவிடும். உள்ளே போதிய தையல் துணி இருந்தால் இடையைப் பிரித்துவிடலாம். ஆனால் மடிப்புக்குள் இருந்த துணி வெளுத்திருக்காது என்பதால், பிரித்த இடத்தில் அடர்நிறக் கோடும் பழைய ஊசித் துளைகளும் தெரியக்கூடும்.

கேள்வி: இத்தகைய உடைகள் சிலவற்றில் துவைக்கும் குறிப்பே இல்லையே. வீட்டில் துவைக்கலாமா?

பதில்: அமெரிக்காவில் பராமரிப்புக் குறிப்பு கட்டாயமானது 1972-ல்தான், அதற்கு முந்தைய உடைகளில் அது இல்லாதது இயல்பே. துணி எதனால் ஆனது என்பதைக் கொண்டே முடிவுசெய்ய வேண்டும். ஈரமான வெள்ளைத் துணியை உட்புறத் தையல் ஓரத்தில் சிறிது நேரம் அழுத்திப் பாருங்கள். லைனிங், ஓரப்பட்டை, எம்பிராய்டரி நூல் ஆகியவற்றையும் தனித்தனியே சோதியுங்கள். எங்கேனும் சாயம் ஒட்டினால் தண்ணீரில் போடக் கூடாது. தோள்பட்டைத் திண்டும் உள்விறைப்புத் துணியும் வைத்துத் தைத்த கோட்டுகளையும் நனைக்காதீர்கள். 1920, 30-களின் ஜிகினா வேலைப்பாட்டில் அதைவிடப் பெரிய ஆபத்து உண்டு: அக்காலச் சமிக்கிகள் பல ஜெலட்டினால் ஆனவை, அவை தண்ணீரில் கரைந்துபோகும்.

சாயம் போகாத பருத்தியைத் தயங்காமல் கையால் துவைக்கலாம். கம்பளிக்கும் பட்டுக்கும் குளிர்ந்த நீரும், என்சைம் கலக்காத மென்மையான சோப்புத் திரவமும் வேண்டும். புரதக் கறையை நீக்கும் என்சைம் அந்த இழைகளையும் அரிக்கும். வெந்நீரில் கசக்கிய கம்பளி இறுகிச் சுருங்கினால் மீட்க வழியில்லை. ரேயான் நனைந்தால் வலுவிழக்கும்; ஆகவே ஒரு முனையைப் பிடித்துத் தூக்காமல், இரு கைகளாலும் தாங்கி எடுத்து, துண்டில் சுருட்டி ஒற்றி, நிழலில் கிடைமட்டமாக உலர்த்துங்கள். அக்குள் பகுதியில் துணி நைந்திருந்தால், நனைப்பதற்கு முன்பே உட்புறம் மெல்லிய துணி வைத்துத் தைத்துவிடுங்கள்.