முன் செய்துவந்தபடியே

கேள்வி: பத்து வருஷமாகச் சபைப் பாடற்குழுவில் பாடுகிறேன். கணவருக்கு வேலை போய்ப் பதினான்கு மாதம் ஆகிறது. நடுவில் என் அம்மாவும் இறந்துவிட்டார். முன்பெல்லாம் துதிப் பாடல் தானாக வாயில் வரும். இப்போது எல்லாரும் கைதட்டிப் பாடும்போது எனக்கு வாயே திறக்க மாட்டேன் என்கிறது. ‘கஷ்டத்திலும் துதியுங்கள், அப்போதுதான் விடுதலை வரும்’ என்கிறார்கள். அப்படிப் பாடினால் வேஷம் போடுவதுபோல் இருக்கிறது. மனம் சரியாகும்வரை ஆராதனைக்குப் போகாமல் இருக்கலாமா?

பதில்: சகோதரி, கடைசிக் கேள்விக்கு முதலில் பதில் சொல்லிவிடுகிறேன். போங்கள். பாட வரவில்லையென்றால் பாடாமல் உட்கார்ந்திருங்கள். பாடற்குழுப் பொறுப்பாளரிடம், ‘கொஞ்ச நாள் நான் சபையாரோடு உட்கார்ந்துகொள்கிறேன்’ என்று சொல்லிவிடுங்கள். காரணம் கேட்டால் உள்ளதைச் சொல்லலாம், வெட்கப்பட ஒன்றுமில்லை. எல்லார் முன்னாலும் சிரித்த முகத்தோடு நிற்க வேண்டியிருக்கிறதே, அதுதான் உங்களுக்கு வேஷமாகத் தெரிகிறது என்று நினைக்கிறேன்.

விடுதலை வரும் என்று சொன்னவர்கள், இயேசுவைப் பற்றி ஊர் ஊராகப் போதித்த பவுலையும் சீலாவையும் மனதில் வைத்துச் சொல்லியிருப்பார்கள். பிலிப்பி பட்டணத்துச் சிறையில், கால்கள் தொழுமரத்தில் மாட்டியிருக்க, நடுராத்திரியில் இருவரும் பாடினார்கள். பூமி அதிர்ந்தது, கதவுகள் திறந்தன. சரி. ஆனால் கதவு திறக்க வேண்டும் என்று பாடியதாக அப்போஸ்தலர் நடபடிகள் 16-ம் அதிகாரத்தில் எங்கேயும் இல்லை. திறந்த பிறகும் அவர்கள் ஓடிப்போகவில்லை. அதே பவுல் பிற்பாடு செசரியாவில் இரண்டு வருஷம் காவலில் கிடந்தார். அங்கே பூமி அதிரவில்லை. அங்கே அவர் துதிக்காமலா இருந்திருப்பார்? துதியைச் சாவியாக நினைத்துக்கொண்டால், கதவு திறக்காத நாளில் ‘நான் சரியாகத் துதிக்கவில்லை போலிருக்கிறது’ என்று பழியையும் நாமே சுமக்க வேண்டிவரும். ஏற்கெனவே நொந்துபோயிருக்கிறீர்கள், இது வேறு எதற்கு?

வேதத்தில் பாடல்களின் தொகுப்பாக இருக்கிற சங்கீதப் புத்தகத்துக்கு எபிரெயத்தில் ‘தெகிலிம்’ என்று பெயர். துதிகள் என்று அர்த்தம். அந்தத் துதிகளின் புத்தகத்தில் உள்ள 150 சங்கீதங்களில் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கு புலம்பல்தான்! பெரும்பாலான புலம்பல்கள் முடிவதற்குள் எப்படியாவது நம்பிக்கைக்குத் திரும்பிவிடும். 88-ம் சங்கீதம் மட்டும் திரும்பவே திரும்பாது. அதன் 18 வசனங்களையும் வாசித்துப் பாருங்கள். நண்பர்களும் தெரிந்தவர்களும் விலகிப்போய், இருட்டில் நிற்கிற மனிதனின் குரலோடு சட்டென்று முடிந்துவிடுகிறது. பாடற்குழுக்காரரான உங்களுக்கு இன்னொன்றையும் சொல்ல வேண்டும். அதன் தலைப்பில் ‘இராகத்தலைவனுக்கு’, அதாவது பாடற்குழுத் தலைவனுக்கு, என்று இருக்கிறது. யாரோ தனியாக அழுது எழுதி மறைத்து வைத்த காகிதம் இல்லை அது, ஆராதனையில் பாடக் கொடுத்த பாட்டு. இன்றைக்கு நம் பாடல் வரிசையில் அப்படி ஒன்றைச் சேர்க்க யாருக்காவது துணிச்சல் வருமா என்பது சந்தேகம்தான்.

பிள்ளைகளையும் சொத்தையும் ஒரே நாளில் இழந்த யோபுவையும் நாம் பாதிதான் மேற்கோள் காட்டுகிறோம். ‘கர்த்தர் கொடுத்தார், கர்த்தர் எடுத்தார்’ என்பது 1-ம் அதிகாரம். 3-ம் அதிகாரத்தில் அதே யோபு தான் பிறந்த நாளையே சபிக்கிறார். அதற்குப் பிறகு நியாயம் கேட்டுக் கேட்டு வழக்காடுகிறார். கடவுளுக்காகப் பரிந்து பேசிய நண்பர்களைப் பார்த்து, என் தாசனாகிய யோபு பேசினதுபோல் நீங்கள் என்னைக்குறித்து நிதானமாய்ப் பேசவில்லை என்று 42-ம் அதிகாரத்தில் கர்த்தரே சொல்கிறார். யோபு கடைசிவரை கடவுளிடம் பேசுவதை நிறுத்தவில்லை. நண்பர்கள் கடவுளைப் பற்றிப் பக்கம் பக்கமாகப் பேசினார்கள், அவரிடம் ஒரு வார்த்தை பேசியதாகத் தெரியவில்லை.

அப்படியானால் மாறாத ஆராதனை என்பது என்ன? எனக்குத் தானியேல்தான் நினைவுக்கு வருகிறார். முப்பது நாள் ராஜாவைத் தவிர யாரிடமும் விண்ணப்பம் செய்யக்கூடாது, மீறினால் சிங்கக்கெபியில், அதாவது சிங்கங்களின் குகையில், போடுவோம் என்று கட்டளை. அதைத் தெரிந்துகொண்டுதான் வீட்டுக்குப் போகிறார். மேலறையில் ‘தான் முன் செய்துவந்தபடியே’ தினம் மூன்று வேளையும் முழங்காற்படியிட்டு ஜெபம் பண்ணுகிறார். ஆபத்து வந்துவிட்டதே என்று வேளைகளைக் கூட்டவும் இல்லை, பயந்து குறைக்கவும் இல்லை. அந்த நேரத்தில் அவர் மனதில் என்ன ஓடியது என்று வேதம் சொல்லவில்லை. எனக்கு அதுவே ஆறுதலாக இருக்கிறது.

நீங்களும் சின்னதாக ஒன்றை வைத்துக்கொள்ளுங்கள். தினமும் ஒரே நேரத்தில் ஒரு சங்கீதம், சத்தமாக. ஐந்து நிமிஷம் போதும். ஒன்றும் தோன்றவில்லையா, வாசித்துவிட்டு எழுந்துவிடுங்கள். அழுகை வந்தால் வரட்டும்.

அப்புறம், தூக்கம் வராமல், சாப்பாடு இறங்காமல், எதிலுமே பிடிப்பில்லாமல் வாரக்கணக்காக இருந்தால் டாக்டரைப் பாருங்கள். அதை விசுவாசக் குறைவு என்று யாராவது சொன்னால், சூரைச்செடியின் கீழ் படுத்துக்கொண்டு சாக வேண்டும் என்று கேட்ட எலியா தீர்க்கதரிசியை நினைத்துக்கொள்ளுங்கள். தூதன் அவருக்குப் பிரசங்கம் செய்யவில்லை. அடையும் தண்ணீரும் கொடுத்தான், இன்னொரு முறை தூங்கவும் விட்டான்.

‘முன்பெல்லாம் தானாக வரும்’ என்று எழுதியிருக்கிறீர்கள். தவறாக நினைக்காதீர்கள், அந்த ‘முன்பெல்லாம்’ பற்றியும் ஒரு வார்த்தை. குஷ்டரோகிகள் பத்துப் பேரும் ‘இயேசுவே, ஐயரே, எங்களுக்கு இரங்கும்’ என்று கத்தினார்கள். சுகமான பிறகு திரும்பி வந்தது ஒரே ஒரு சமாரியன். நல்ல காலத்தில்தான் அதிகம் பேர் தொலைந்துபோகிறோம் என்று எனக்குத் தோன்றும். என்னையே சொல்கிறேன். வீட்டில் ஒருவருக்கு மருத்துவப் பரிசோதனை. முடிவு வரும்வரை மூன்று நாள் முழங்காலில்தான் இருந்தேன். பயப்பட ஒன்றுமில்லை என்று தெரிந்ததும் எல்லாருக்கும் போன் செய்தேன். ஜெபம் பண்ணினேனே என்பது நினைவுக்கு வந்தபோது நாலு நாள் ஆகியிருந்தது. அதனால், கணவருக்கு வேலை கிடைத்த வாரத்திலும் அந்த ஐந்து நிமிஷத்தை விட்டுவிடாதீர்கள்.

கணவரைப் பற்றிக் கடிதத்தில் ஒரே வரிதான் இருக்கிறது. இந்தப் பதினான்கு மாதமாக அவருக்குப் பாட வருகிறதா என்று நீங்கள் எழுதவில்லை. ஒருவேளை கேட்டிருக்கவும் மாட்டீர்கள். ‘கர்த்தாவே, எதுவரைக்கும்’ என்று தொடங்கும் 13-ம் சங்கீதம் ஆறே வசனம்தான். இன்றைக்கு ராத்திரி அவரையும் பக்கத்தில் உட்காரச் சொல்லுங்கள். மாற்றி மாற்றி, ஆளுக்கு மூன்று வசனம்.