லண்டன் மீட்டிங் ஒரு மணி நேரம் தவறியது பற்றி

லண்டனின் காலை 10 மணியை வழக்கம்போல நம் பிற்பகல் 3.30 என்று போட்டுவிட்டீர்கள், அவர்கள் 2.30-க்கே வந்து காத்திருந்து கிளம்பிவிட்டார்கள். சேர்ந்த புதிதில் இப்படி நடந்ததை எம்.டி.யிடம் எப்படிச் சொல்வது என்கிறீர்கள்.

வேறு யார் மூலமாவது அவர் காதுக்குப் போகும் முன் நீங்களே சொல்லிவிடுங்கள். "சார், நேரத்தை நான் தவறாகப் போட்டுவிட்டேன். மன்னிப்பு மெயில் தயார். நாளை 2.30, வியாழன் 4 மணி, எது வசதி?" அவ்வளவு போதும், விளக்கத்தை நீட்ட வேண்டாம்.

பிரிட்டனில் மார்ச் கடைசி ஞாயிறு கடிகாரத்தை ஒரு மணி நேரம் முன்னே வைப்பார்கள், அக்டோபர் கடைசி ஞாயிறு பழையபடி மாற்றுவார்கள். இடைப்பட்ட மாதங்களில் லண்டனின் காலை 10 மணி நமக்குப் பிற்பகல் 2.30, மற்ற மாதங்களில்தான் 3.30. அதனால் காலண்டரில் நேர மண்டலத்தை லண்டன் என்றே தேர்ந்தெடுங்கள். நம் நேரம் தானாகச் சரியாகிவிடும். அப்புறம், அழைப்பில் இரண்டு ஊர் நேரத்தையும் எழுதுங்கள்.