16 பக்கம் கேட்டவர்

கேள்வி: என் மகள் ஜப்பானின் ஜிப்லி ஸ்டுடியோ அனிமேஷன் படங்களைத் திரும்பத் திரும்பப் பார்க்கிறாள். இயக்குநர் மியாசாகியோடு தோஷியோ சுசுகி என்ற பெயரும் தயாரிப்பாளர் என்று வருகிறது. படத்துக்குப் பணம் போட்டவரா அவர்?
– ஒரு வாசகி, திருநெல்வேலி

இல்லை சகோதரி. ஆரம்ப காலத்தில் பணம் போட்டது டோகுமா ஷோடென் என்ற பதிப்பகம். சுசுகி அங்கே சம்பளத்துக்கு இருந்த பத்திரிகைக்காரர். நானும் 19 வருடம் ஒரு வார இதழில் பக்கம் போட்டவன். அதனாலேயே அவர் கதை எனக்கு ரொம்ப நெருக்கம்.

1948-ல் நகோயாவில் பிறந்தவர். 1972-ல் வேலைக்குச் சேர்ந்தார். 1978-ல் பதிப்பகம் ‘அனிமேஜ்’ என்ற அனிமேஷன் மாத இதழைத் தொடங்கியது. ஒரு பழைய படத்தைப் பற்றிப் பேட்டி கேட்டு இயக்குநர் தகஹாதாவுக்கு போன் செய்கிறார் சுசுகி. ஏன் பேட்டி தர மாட்டேன் என்பதை மட்டுமே தகஹாதா ஒரு மணி நேரம் விளக்கினாராம்! அப்புறம் போனைப் பக்கத்திலிருந்த மியாசாகியிடம் கொடுத்திருக்கிறார். அவரோ, நான் பேசுகிறேன், ஆனால் 16 பக்கம் வேண்டும் என்றார். எங்கள் அச்சகக் கணக்கில் அது ஒரு முழு ஃபாரம், அதாவது ஒரே பெரிய தாளில் அடித்து மடிக்கும் பக்கங்கள் மொத்தமும். நானாக இருந்தால் அன்றோடு இரண்டு பேரையும் மறந்திருப்பேன். சுசுகி மறக்கவில்லை. இருவரையும் விடாமல் போய்ப் பார்த்தார்.

மியாசாகி சினிமாவுக்காக யோசித்த கதை ஒன்றைப் பதிப்பகத்திடம் கொண்டு போனபோது, மூலக்கதையாக மங்கா (ஜப்பானியச் சித்திரக்கதை) எதுவும் இல்லையே என்று மறுத்துவிட்டார்கள். சரி, மங்காவே வரட்டும் என்று 1982-ல் ‘நவுசிகா’வை அனிமேஜிலேயே தொடராக வெளியிட வைத்தார்கள். 1984-ல் அது படமானது. அடுத்த வருடம் ஜிப்லி பிறந்தது. 1989-ல்தான் சுசுகி பத்திரிகையை விட்டு முழுநேரமாக அங்கே போனார். ஒரு கலைஞரை முதலில் கண்டு, அவர் சொல்வதை உட்கார்ந்து கேட்டு, வழி அடைபட்டால் வேறு வழி திறப்பது நல்ல பத்திரிகை ஆசிரியரின் வேலை. சுசுகி அதைப் படத்துக்குச் செய்தார்.

கேள்வி: தயாரிப்பாளர் இயக்குநரை எதிர்க்கலாமா?
– ஒரு வாசகர், ஈரோடு

சுசுகி எதிர்த்திருக்கிறார். ‘இளவரசி மோனோனோகே’ படத்துக்கு மியாசாகி நினைத்திருந்த தலைப்பு வேறு. சுசுகி தனக்குப் பிடித்ததையே முன்னோட்டத்தில் போட்டுவிட்டார். ஆனால் அதே படத்தின் நீளத்தைக் குறைக்க அமெரிக்க விநியோகஸ்தர் நெருக்கியபோது, நியூயார்க் போய் ஒரு ஜப்பானிய வாளை அவரிடம் நீட்டி, ‘நோ கட்’ என்றார். 1999-ல் அமெரிக்காவில் படம் வெட்டுப்படாமல் வந்தது. தலைப்பு விஷயத்தில் கூடவே இருந்து முட்டிக்கொண்டவர், வெளியாள் கத்தரியோடு வந்ததும் இயக்குநருக்கு முன்னால் போய் நின்றார். எனக்கு அவரிடம் மிகவும் பிடித்தது இதுதான்.

கேள்வி: எனக்கு வரைய வராது. அனிமேஷன் தயாரிப்புக்கு வர முடியுமா?
– ஒரு கல்லூரி மாணவர், மதுரை

வரலாம் தம்பி. ஜப்பானில் பலரும் தயாரிப்பு உதவியாளராகத்தான் தொடங்குகிறார்கள். எந்த ஷாட் யார் மேஜையில் இருக்கிறது, எது திருத்தத்துக்குப் போனது, எது இன்னும் வரவில்லை என்று கணக்கு வைப்பார்கள். வரைந்த தாள்களை வாங்க ஓவியர்களின் வீட்டுக்கே ராத்திரியில் காரில் போவார்கள். உங்கள் கல்லூரியில் யாராவது குறும்படம் எடுத்தால், அந்த ஷாட் கணக்கு வைக்கும் வேலையை இப்போதே கேட்டு வாங்கிக்கொள்ளுங்கள்.