பூட்டுது, பூட்டல: சென்ட்ரல் லாக் கேள்வி பதில்

பாளையங்கோட்டையில 22 வருசமா கார் ஒயரிங் வேலை பாக்கேன். ஞாயித்துக்கிழமை கடைக்கு லீவு, அதான் உக்காந்தாச்சு. இன்னைக்கு சென்ட்ரல் லாக் மட்டும். ஏசி, மைலேஜ், எந்தக் கார் வாங்கலாம்ங்கிறதெல்லாம் இன்னொரு நாளைக்கு வச்சுக்கிடுவோம். கேக்கதுக்கு முன்னால ஒண்ணு: லாக்க நோண்டும்போது டிரைவர் பக்கக் கண்ணாடிய எறக்கி விட்டிருங்க, சாவியச் சட்டைப்பையில போட்டுக்கிடுங்க. இதத் திரும்பத் திரும்பச் சொல்லுவேன், கோவிச்சுக்கிடாதிய.

வள்ளியூர்: அண்ணாச்சி, 2013 மாடல் டீசல் வண்டி. டிரைவர் கதவு மட்டும் ரிமோட்டுக்கு ஒரு நேரம் பூட்டுது, ஒரு நேரம் பூட்டல. மத்த மூணும் ஒழுங்கு. லாக் மோட்டார் போயிட்டுன்னு மாத்தினாங்க. ரெண்டு வாரம் நல்லா இருந்துச்சு, இப்ப பழைய கதைதான்.

பதில்: ரெண்டு வாரம் நல்லா இருந்துச்சுங்கிய பாருங்க, அதுலதான் விசயமே இருக்கு. மோட்டார மாத்தணும்னா கதவோட உள்பக்க மூடியான டோர் பேடக் கழட்டி, ஒயர இழுத்து, ஒயரச் சேக்குற பிளக்கான கப்ளரப் புடுங்கிச் செருகணும். அந்த அசைவுல, விட்டுப்போயிருந்த ஒயர் ஒண்ணு ஒட்டிக்கிட்டு. பழைய மோட்டார் நல்ல மோட்டாரா இருந்திருக்கும். தூரப் போட்டுட்டியளா?

மூணு கதவு வேலை செய்யுதுன்னா ரிமோட்ட விடுங்க, பேட்டரிய விடுங்க. அந்த ஒரு கதவத்தான் பாக்கணும். கீல் பக்கத்துல, கதவுக்கும் பாடிக்கும் நடுவுல ஒரு கருப்பு ரப்பர் குழாய் இருக்கும். பவர் விண்டோ, ஸ்பீக்கர், லாக் எல்லா ஒயரும் அதுக்குள்ள கூடித்தான் போகுது. நாளைக்கு 20 தடவை கதவத் தொறக்கியன்னு வைங்க. வருசத்துக்கு 7300 தடவை அந்த ஒயர் மடங்கி நிமிருது. பத்து வருசத்துக்குக் கணக்குப் போட்டுக்கிடுங்க. நாலு கதவுல டிரைவர் கதவுக்குத்தான் இந்தப் பாடு. மேல் உறை முழுசாத்தான் தெரியும். உள்ள செம்பு இழை அத்து, நுனியும் நுனியும் தொட்டுக்கிட்டுக் கெடக்கும். தொட்டா பூட்டும், விலகினா பூட்டாது.

எப்படிக் கண்டுபிடிக்கன்னா, கண்ணாடிய எறக்குங்க (சொன்னேன்லா). கதவப் பாதி தொறந்து வைங்க. கதவு தொறந்து கெடந்தா நெறைய வண்டி பூட்ட மாட்டேங்கும். அதுக்கு, கதவு ஓரத்துல பாடியக் கவ்விப் பிடிக்கிற லாச்ச ஒரு ஸ்க்ரூ டிரைவரால மூடிவிட்டா, கதவு சாத்தியாச்சுன்னு வண்டி நெனச்சுக்கிடும். ஒருத்தர் பூட்டித் தொறந்துக்கிட்டே இருக்கணும், நீங்க ரப்பர் குழாய மேலயும் கீழயும் பைய வளைச்சுக் குடுக்கணும். ஒரு இடத்துல பிடிச்சா வேலை செஞ்சு, இன்னொரு இடத்துல நின்னா, ஆள் அகப்பட்டாச்சு. முடிஞ்சதும் கைப்பிடிய இழுத்து லாச்சத் தொறந்துட்டுக் கதவச் சாத்துங்க. அயத்துப்போயி அப்படியே அறைஞ்சா லாச்சும் போகும், பாடியும் ஒடுங்கும்.

அதுலயும் தெரியலன்னா டோர் பேடக் கழட்டி மோட்டார் கப்ளருக்குப் போங்க. ரெண்டு ஒயர் மோட்டாருக்கு வரும். பூட்டும்போது ஒண்ணுல பிளஸ், மத்ததுல எர்த். தொறக்கும்போது அப்படியே தலைகீழ். அந்தக் கரண்ட் வந்துட்டுப் போறது ஒரு செகண்டுக்கும் கம்மி, டிஜிட்டல் மீட்டர் நம்பர் காட்டுறதுக்குள்ள முடிஞ்சிரும். அதனால ரெண்டு ஒயருக்கும் நடுவுல 21 வாட் இண்டிகேட்டர் பல்ப மாட்டுங்க. எல்இடி டெஸ்டர் வேண்டாம், ஒத்தை இழையில தொங்குற ஒயருக்குக் கூட அது பளிச்சுன்னு எரிஞ்சு ஏமாத்தும். பல்பு நல்லா மின்னியும் மோட்டார் அசையலன்னா மோட்டார். பல்பு மங்குனாலோ மின்னாட்டாலோ ஒயர். மஞ்சள் கப்ளர், மஞ்சள் உறை போட்ட ஒயர் எதையும் பல்பு வச்சுத் தொடக்கூடாது, அது ஏர்பேக் லைன்.

ஒயர முறுக்கி டேப்பு சுத்துறது ஆகாது. ரப்பர் குழாய்க்குள்ள ஈயம் வச்சுப் பத்தவைக்கதும் ஆகாது. ஈயம் பிடிச்ச இடம் வெறைச்சுப் போகும், அது முடியுற எடத்துல திரும்பவும் முறியும். நல்ல மெல்லிழை ஒயர் ஒரு முழம் போட்டு, ஒரு ஜாயிண்ட கதவுக்குள்ளயும் ஒரு ஜாயிண்ட பாடிக்குள்ளயும் கொண்டு போயிரணும். மடங்குற எடத்துல ஜாயிண்டே இருக்கப்படாது. ஒண்ணு அத்துருந்தா பக்கத்து ஒயரும் பாதி அத்துருக்கும், எல்லாத்தையும் பாத்துருங்க.

பேட்டை: பின் கதவு உள்ள இருந்து தொறக்க மாட்டேங்கு. வெளிய இருந்தா தொறக்கு.

பதில்: சைல்ட் லாக். கதவு ஓரத்துல சின்ன நெம்பு இருக்கும், தள்ளி விடுங்க.

மேலப்பாளையம்: ரிமோட் பக்கத்துல போனாத்தான் வேலை செய்யுது.

பதில்: ரிமோட் பேட்டரி. 3 வோல்ட் வில்லை, பல ரிமோட்டுல சிஆர் 2032. பழசத் தொறந்து நம்பரப் பாத்து அதே நம்பர வாங்குங்க.

தச்சநல்லூர்: பூட்டினா 'டக்'குன்னு பூட்டி, உடனே 'டக்'குன்னு தொறந்துக்கிடுது. நாலு கதவும்.

பதில்: வண்டி ஏதோ ஒரு கதவு சாத்தலன்னு நெனைக்கு. கதவு சாத்தினதச் சொல்ற சுவிட்ச் இப்ப நெறைய வண்டியில லாச்சுக்குள்ளயே இருக்கு. ராத்திரி உள்ள உக்காந்து ஒவ்வொரு கதவாத் தொறந்து சாத்திப் பாருங்க. மீட்டர்ல கதவுப் படம் அணையுதா, கூரை லைட்டு அணையுதான்னு கவனிங்க. டிக்கிக் கதவையும் விட்டுராதிய. எல்லாம் சரியா அணைஞ்சா, டிரைவர் கதவு லாக்குக்குள்ள 'பூட்டியாச்சு'ன்னு சேதி சொல்ற சுவிட்ச் மேல சந்தேகப்படணும். மோட்டார் தள்ளுது, சேதி போகல, கம்ப்யூட்டர் திரும்பத் தொறந்து விடுது.

நாங்குநேரி: லாச்சுக்குத் தேங்காயெண்ணெய் விடலாமா?

பதில்: தலைக்கு விடுங்க. லாச்சுக்கு வெள்ளை லித்தியம் கிரீஸ்.

தூத்துக்குடி: அண்ணாச்சி, நீங்க சொல்றதெல்லாம் பாளையங்கோட்டைக்குச் சரி. எங்க ஊரு உப்புக் காத்துல எந்த லாக்கும் அஞ்சு வருசம் தாங்காது.

கயத்தாறு: உப்பாவது கழுவினாப் போயிரும். காத்தாடி சுத்துற எங்க ஊருக்கு வந்து பாருங்க. கரிசத்தூசி கதவுக்குள்ள ஒரு படி அள்ளலாம்.

தூத்துக்குடி: தூசிக்கு ஒயர் அத்துப்போகுமோ?

கயத்தாறு: உப்புக்கு லாச்சு இறுகுமோ?

திசையன்விளை: ரெண்டு பேரும் தேரிக்காட்டுச் செம்மண்ணப் பாத்ததில்ல போல.

தென்காசி: சீசன்ல சாரல் விடாம அடிக்கும்போது எங்க வண்டி படுத பாடு யாருக்குத் தெரியும்.

பதில்: செத்த நிறுத்துதியளா. நெல்லைச் சீமையில அஞ்சு திணையும் உண்டும்பாங்க. எடத்துக்குத் தக்கனதான் லாக்கும் கெடும். அதச் சொல்லிருதேன், அப்புறம் சண்டை கூடாது.

உப்பு செம்பத் திங்கும். கப்ளரக் கழட்டினா பின்னு பச்சைக் களிம்பு பூத்திருக்கும், எர்த் போல்ட்டு துருவேறி இருக்கும். நாலு கதவும் ஒண்ணுபோல சோம்பும். இஞ்சின் ஓடும்போது நல்லா இருந்து, நிறுத்தினா சோம்புதுன்னா முதல்ல பேட்டரிய அளந்துக்கிடுங்க. ஓய்வா நிக்கும்போது 12.6 வோல்ட் பக்கம் இருக்கணும், ஓடும்போது 14 பக்கம். அது சரியா இருந்தா எர்த்தச் சுரண்டுங்க. களிம்புக்கு காண்டாக்ட் கிளீனர் அடிக்கணும், கண்ட எண்ணெயும் இல்ல.

தூசி வேற மாதிரி. லாச்சுல இருக்க கிரீஸும் தூசியும் சேந்து களிமண்ணு மாதிரி ஆகும். மோட்டார் 'டுக்'குங்கும், கதவுல இருக்க லாக் குமிழ் பாதிதான் எறங்கும். கையால குமிழ அமுக்கிப் பாருங்க. கைக்கே இறுக்கமா இருந்தா அந்தச் சின்ன மோட்டார் என்ன செய்யும்? முக்கி முக்கியே மோட்டாருக்குள்ள இருக்க கார்பன் பிரஷ் தேஞ்சு போயிரும். லாச்சக் கழுவாம மோட்டார மட்டும் மாத்தினா புது மோட்டாருக்கும் அதே கெதிதான். கயத்தாறுக்காரரு சொல்லுதது இந்த வகை. தேரி மண்ணும் இதே கணக்குத்தான், கூடுதலா கதவுக்கு அடியில தண்ணி வடியுற ஓட்டைய அடைக்கும்.

தென்காசிக்கு அந்த ஓட்டைதான் உயிர். கண்ணாடி வழியா கதவுக்குள்ள தண்ணி எறங்கத்தான் செய்யும், அது தப்பில்ல, வடிஞ்சிரணும். டோர் பேடுக்குப் பொறத்தால ஒரு பிளாஸ்டிக் ஷீட் ஒட்டியிருக்கும். ஸ்பீக்கர் மாத்துற பையங்க அதக் கிழிச்சு எறிஞ்சிருதாங்க. பிறகு தண்ணி எங்க போகும்?

தூத்துக்குடி: அப்ப உப்புதான் மோசம்னு ஒத்துக்கிடுதிய.

பதில்: ஒத்துக்கிடல. உப்புக்கு ஒயர், தூசிக்கு மோட்டார். ரெண்டு பேருமே வாட்டர் வாஷ்ல பிரஷர் பைப்ப கதவு இடுக்குல காட்டி அடிக்கச் சொல்லுவிய, அதுல பாதிக் கோளாறு. அத யாரும் சொல்லல.

கயத்தாறு: நான் வீட்டுலதான் கழுவுதேன்.

தூத்துக்குடி: கரிசத்தூசிய எந்தத் தண்ணியில கழுவுதீரு, அங்க தண்ணி கெடைக்கா?

பதில்: அடுத்த ஆள் வாங்க.

உடையார்பட்டி: ரிமோட் சில நேரம்…

பதில்: மேலப்பாளையத்துக்குச் சொன்னதப் படிங்க.

களக்காடு: வெளிய வாங்கி மாட்டின சென்ட்ரல் லாக் கிட். டிரைவர் கதவ சாவியால பூட்டினா மத்த கதவு சில நேரம் பூட்டல. ரிமோட்டுல எப்பவும் பூட்டுது.

பதில்: நல்ல கேள்வி, பாதி பதிலும் அதுலயே இருக்கு. அந்தக் கிட்டுல மூணு கதவு மோட்டாருக்கு ரெண்டு ஒயர், டிரைவர் கதவு மோட்டாருக்கு அஞ்சு ஒயர். பச்சையும் நீலமும் மோட்டார ஓட்ட. வெள்ளை, பிரவுன், கருப்பு மூணும் உள்ள இருக்க சுவிட்சுக்கு. ரிமோட்டுல எல்லாம் ஓடுதுன்னா மூணு மோட்டாரும் நல்லது, கிட்டோட கண்ட்ரோல் பாக்ஸும் நல்லது. சாவி போடும்போது அந்தச் சுவிட்சு சேதி சொல்லல. பெரும்பாலும் மோட்டாரையும் லாக்கையும் சேக்குற கம்பியோட செட்டிங்தான் காரணம்: மோட்டார் தண்டு முழுசா ஓடாம முக்காலுல நின்னா சுவிட்ச் மாறாது. கம்பியப் பிடிச்சிருக்க ஸ்க்ரூவ லூஸ் பண்ணி நீளத்தச் சரி பண்ணுங்க. அதுக்கும் கேக்கலன்னாத்தான் அஞ்சு ஒயர் மோட்டார் வாங்கணும்.

அம்பாசமுத்திரம்: 2023 டிசம்பர் வெள்ளத்துல வண்டிக்குள்ள சீட்டு மட்டம் தண்ணி. காய வச்சு ஓட்டிக்கிட்டு இருந்தோம். இப்ப நடுராத்திரியில தன்னாலயே லாக்கு பூட்டித் தொறக்கு.

பதில்: அந்த ரெண்டு நாளு எங்க யாருக்கும் மறக்காது. காயல்பட்டினத்துல ஒரே நாள்ல 90 சென்டிமீட்டருக்கு மேல கொட்டிச்சு. அதுக்கு அப்புறம் ஒரு வருசம் எனக்கு வேலையே இதான்.

ஒங்க கோளாறு கதவுல இல்ல. டேஷ்போர்டுக்கு அடியிலயோ கால் பக்கத்துலயோ இருக்க, லாக்க நடத்துற கம்ப்யூட்டரான பிசிஎம் (பாடி கண்ட்ரோல் மாட்யூல்) பெட்டியில, இல்லன்னா அதுக்குப் போற கப்ளர்ல. ஆத்துத் தண்ணி வண்டலோட வரும். காஞ்ச பிறகும் பின்னுக்குப் பின்னு ஒரு படலம் நிக்கும். ராத்திரி ஈரம் ஏறினா அதுல கரண்ட் கசியும், யாரோ சுவிட்ச அமுக்கினதா பெட்டி நெனைக்கும். பேட்டரி கழட்டிட்டு, பெட்டிய எறக்கி, கப்ளரெல்லாம் கழுவணும். போர்டு அரிச்சிருந்தா மாத்தணும், மாத்தினா சாவியெல்லாம் திரும்பப் பழக்க வேண்டி வரலாம். செலவு உண்டு. வண்டிக்குள்ள பிள்ளைகள விட்டுட்டு அஞ்சு நிமிசம் கூட எங்கயும் போகாதிய, தன்னால பூட்டுற வண்டி அது.

சங்கரன்கோவில்: லாக் ஃபியூஸ் 15 ஆம்பியர் அடிக்கடி போகுது. 25 போட்டேன், இப்ப போகல.

பதில்: இப்பமே போயி எடுங்க. ஒயர் உரசி பாடியத் தொடுது, அதான் ஃபியூஸ் போகுது. 25 போட்டா ஃபியூஸுக்குப் பதிலா ஒயர் எரியும். எடுத்துட்டு வந்து மிச்சத்தக் கேளுங்க.

முக்கூடல்: லாக் மோட்டார் ஆன்லைன்ல ஆர்டர் போட்டுட்டேன் அண்ணாச்சி. சரிதானே?

பதில்: எந்தக் கதவு? பல்பு வச்சுப் பாத்தியளா? பாக்காம எதுக்கு வாங்கினிய? வள்ளியூருக்குப் பக்கம் பக்கமா எழுதினது அவருக்கு மட்டுமில்ல.

வண்ணாரப்பேட்டை: நீங்க சொன்ன மாதிரி ரப்பர வளைச்சுப் பாத்தேன். பூட்டிக்கிட்டு. சாவி உள்ள இருக்கு. கண்ணாடிய எறக்கல.

பதில்: ரெண்டாவது சாவி வீட்டுல இருந்தா யாரையாவது எடுத்துட்டு வரச் சொல்லுங்க. ஸ்கேல உள்ள விட்டு நோண்டாதிய. வேற ஒண்ணும் சொல்லுததுக்கில்ல.

கே.டி.சி நகர்: அண்ணே, எங்க அப்பா வண்டி. காலையில நான் ஆபீஸ் போகும்போது எல்லாக் கதவும் நல்லாப் பூட்டுது. மத்தியானம் வெயில்ல நின்ன வண்டிய எடுத்தா இடது பின் கதவு தொறக்காது. சாயங்காலம் திரும்பவும் சரி. மூணு தடவை கடையில காட்டியாச்சு, ஒண்ணும் இல்லன்னுட்டாங்க.

பதில்: ஒண்ணும் இல்லன்னு சொன்னவங்க பொய் சொல்லலம்மா, அவங்க பாக்கும்போது ஒண்ணும் இருந்திருக்காது. பல லாக் மோட்டாருக்குள்ள, அதிகக் கரண்ட் போனா சூடாகித் தடுக்கிற ஒரு சின்ன வில்லை இருக்கும். வெயில்ல கதவுத் தகடு ஏற்கெனவே கொதிச்சுக் கெடக்கும்போது, லாச்சும் கொஞ்சம் இறுகி மோட்டார் முக்கினா, அந்த வில்லை சீக்கிரமே தடுத்துரும். ஆறினா சரியாயிரும். லாச்சக் கழுவி கிரீஸ் போட்டாலே தீர வாய்ப்பு உண்டு, ஆனா பாக்காம சொல்ல மாட்டேன். தொறக்காத நேரத்துல கதவ உள்பக்கமா கையால ரெண்டு தட்டுத் தட்டிப் பாருங்க. அதுல ஓடினா பிரஷ் தேஞ்சிருக்கு, மோட்டார்தான்.

கடைக்குக் கொண்டு வாரதா இருந்தா காலையில வேண்டாம். மத்தியானம் ரெண்டு மணிக்கு, வெயில்ல நின்ன வண்டிய அப்படியே கொண்டு வாங்க. வழியில நெழல்ல நிறுத்திராதிய.