கடைசியாக வருபவருக்காக யார் நிற்கிறார்கள்?

மதிப்பிற்குரிய எழுத்தாளர் அவர்களுக்கு,

வேலை மாற்றலாகி ஒரு பெருநகரத்துக்கு வந்து எட்டு மாதங்கள் ஆகின்றன. அலுவலகத்தில் இருப்பவர்களைத் தவிர இங்கே எனக்கு எவரையும் தெரியாது. வாரத்தில் மூன்று நாட்கள் காலையில் ஓடுகிறேன்; 5 கிலோமீட்டரை 40 நிமிடங்களில் முடிப்பேன். தனியாக ஓடி அலுத்துவிட்டது. விடியும் முன் ஆளில்லாத சாலையில் ஒரு பெண் தனியாக ஓடுவதில் உள்ள அச்சமும் இருக்கிறது. ஓட்டக் குழுவில் சேர்ந்தால் நண்பர்கள் கிடைப்பார்கள் என்று பலரும் சொன்னதால், தேடிப் பிடித்து, சென்ற மாதம் ஒரு குழுவுக்குப் போனேன். எல்லாரும் அன்பாகவே வரவேற்றார்கள். ஆனால் ஓட்டம் தொடங்கிய பத்து நிமிடங்களில் ஒருவர்கூடக் கண்ணில் படவில்லை. வழி விசாரித்துக்கொண்டு நான் முடிவிடத்துக்கு வந்து சேர்ந்தபோது, இரண்டு பேர் மட்டும் தங்கள் கைக்கடிகாரத்தைப் பார்த்தபடி நின்றிருந்தார்கள். மற்றவர்கள் கிளம்பிப் போயிருந்தார்கள். அதன்பின் எந்தக் குழுவுக்கும் போக மனம் வரவில்லை. இன்னும் வேகமாக ஓடப் பழகிக்கொண்டு பிறகு போகலாமா? அல்லது ஓட்டம் தனியாகச் செய்ய வேண்டிய காரியம்தானா? நண்பர்களைத் தேடித்தான் வந்திருக்கிறேன் என்று சொல்லிக்கொண்டு ஒரு குழுவில் போய் நிற்கவும் கூச்சமாக இருக்கிறது.

எஸ்.

அன்புள்ள எஸ்.,

வேகத்தைக் கூட்டிக்கொண்டு பிறகு போகலாம் என்ற எண்ணத்தை முதலில் விட்டுவிடுங்கள். நீங்கள் கிலோமீட்டருக்கு 8 நிமிடங்கள் எடுத்துக்கொள்கிறீர்கள். அதைப் பாடுபட்டு 7 நிமிடமாகக் குறைத்தாலும், 5 நிமிடத்தில் ஓடுபவர்கள் அதே பத்தாவது நிமிடத்தில் உங்கள் கண்ணைவிட்டு மறைந்துதான் போவார்கள். அன்று நடந்ததற்கு உங்கள் கால்கள் பொறுப்பில்லை. நீங்கள் போனது, என் கணிப்பில், பந்தயங்களுக்காகப் பயிற்சி செய்பவர்களின் குழு. அவர்களிடமும் குற்றம் காண வேண்டியதில்லை. அரை மாரத்தானுக்கோ முழு மாரத்தானுக்கோ ஒரு நேர இலக்கு வைத்துக்கொண்டு, அதற்காக விடியலில் எழுந்து வருபவர்கள் அவர்கள். ஆனால் உங்களுக்கு வேண்டியது கூடி ஓடுவதையே நோக்கமாகக் கொண்ட குழு. இந்த இரண்டு வகைக் குழுக்களும் பெருநகரங்களில் ஒரே மாதிரியான அறிவிப்புகளோடு, ஒரே மாதிரியான புகைப்படங்களோடு நம் முன் வருவதால், புதிதாகத் தேடுபவர்களுக்கு வேறுபாடு தெரிவதில்லை.

அந்த வேறுபாட்டைக் கண்டுபிடிக்க நான் நம்பும் வழி ஒன்று உண்டு: அந்தக் குழு தன்னில் மிக மெதுவாக ஓடுபவரை என்ன செய்கிறது என்று பார்ப்பது. சேர்வதற்கு முன் ஒரு நாள் ஓடும் உடையே அணியாமல் போய், அவர்கள் ஓட்டத்தை முடிக்கும் இடத்தில் ஓரமாக நின்று கவனியுங்கள். முதலில் வேகமானவர்கள் வருவார்கள், முழங்காலில் கையூன்றிக் குனிந்து மூச்சு வாங்குவார்கள், கடிகாரத்தை அழுத்துவார்கள், தண்ணீர் குடிப்பார்கள். இதெல்லாம் எங்கும் ஒன்றுதான். அடுத்த இருபது நிமிடங்கள்தான் முக்கியம். வந்தவர்கள் பையை எடுத்துக்கொண்டு வண்டியை நோக்கிப் போகிறார்களா, அல்லது பேசிக்கொண்டே அடிக்கொரு தரம் பாதையைத் திரும்பிப் பார்க்கிறார்களா? "இன்னும் யார் வர வேண்டும்?" என்று யாராவது கேட்கிறார்களா? கடைசியாக வருபவர் தனியாக வருகிறாரா, பக்கத்தில் ஒருவர் கூடவே வருகிறாரா? அவர் வந்து சேர்ந்ததும் எல்லாருமாகச் சேர்ந்து படம் எடுத்துக்கொள்கிறார்களா, படம் ஏற்கனவே எடுத்து முடிந்துவிட்டதா? அந்தப் படத்தில் கடைசி ஆள் இருக்கிறாரா என்பது, அந்தக் குழு தன் அறிவிப்பில் எழுதியிருக்கும் எல்லா வாசகங்களையும்விட நம்பத் தகுந்த செய்தி.

மெதுவாக வருபவருக்காக நிற்பது இந்தக் காலத்துச் சலுகை என்று எண்ணிவிட வேண்டாம். கூடி ஓடும் வழக்கத்தின் வேரிலேயே அது இருக்கிறது. 1938இல் கோலாலம்பூரில் அங்கு வசித்த சில பிரிட்டிஷ்காரர்கள் தொடங்கிய ஹாஷ் ஹவுஸ் ஹாரியர்ஸ் என்ற ஓட்டக் குழு இன்று உலகெங்கும் கிளைவிட்டிருக்கிறது. அதில் ஒருவர் முன்னதாகச் சென்று காகிதத் துண்டுகளையோ மாவையோ தூவித் தடம் அமைப்பார். மற்றவர்கள் அந்தத் தடத்தைத் தேடிக்கொண்டு ஓடுவார்கள். தடம் வேண்டுமென்றே ஆங்காங்கே அறுந்துபோகும், சில இடங்களில் பொய்த்தடமாகவும் இருக்கும். முன்னால் ஓடியவர்கள் அங்குமிங்கும் அலைந்து சரியான வழியைத் தேடுவதற்குள் பின்னால் வந்தவர்கள் அவர்களை எட்டிப்பிடித்துவிடுவார்கள். வேகமாக ஓடுபவரையும் மெதுவாக ஓடுபவரையும் எவர் மனமும் நோகாமல் ஒரே கூட்டமாக வைத்திருக்க இதைவிட அழகான ஏற்பாட்டை நான் அறியேன்.

நியூசிலாந்தில் நடந்த ஒன்றையும் சொல்ல வேண்டும். 1960களின் தொடக்கத்தில் ஆக்லாந்தில் ஆர்தர் லிடியார்ட் என்ற பயிற்சியாளர், நடுவயதுக்காரர்களையும் இதயநோயிலிருந்து மீண்டவர்களையும் சேர்த்து மெல்லோட்டக் குழுக்களை உருவாக்கியிருந்தார். 1962 இறுதியில் அமெரிக்காவின் ஆரிகன் பல்கலைக்கழகத் தடகளப் பயிற்சியாளர் பில் பவர்மன் அவரைக் காண வந்தார். பின்னாளில் நைக்கியாக வளர்ந்த நிறுவனத்தைத் தோற்றுவித்த இருவரில் ஒருவரான அவர், அன்று அந்தக் குழுவோடு ஓடப் போய், மேட்டில் ஏற முடியாமல் பின்தங்கிப் பேசவும் மூச்சில்லாமல் தவித்தார். அப்போது எழுபது வயது மதிக்கத்தக்க ஒரு முதியவர் தன் வேகத்தைக் குறைத்து அவர் பக்கத்தில் வந்து, சிரமப்படுவதைப் பார்த்துக் குறுக்கு வழியில் அழைத்துச் சென்று, மற்றவர்கள் முடிக்கும் நேரத்திலேயே அவரையும் கொண்டுவந்து சேர்த்தார். பவர்மன் ஊர் திரும்பியதும் பொதுமக்களுக்கான மெல்லோட்ட வகுப்புகளைத் தொடங்கினார். அமெரிக்காவில் மெல்லோட்டம் பரவியதில் அவருக்குப் பெரும் பங்கு உண்டு. உலகறிந்த ஒரு பயிற்சியாளரே பின்தங்கியிருக்கிறார், எஸ். அவருக்காக ஒருவர் வேகத்தைக் குறைத்தார். நீங்கள் தேட வேண்டியது அப்படி ஒருவர் இருக்கும் குழுவை.

இலவசமாகச் சனிக்கிழமை காலைகளில் நடக்கும் பார்க்ரன் என்ற பொது ஓட்டம் உங்கள் நகரத்தில் இருந்தால் அங்கிருந்தே தொடங்கலாம். 2004 அக்டோபர் 2ஆம் தேதி லண்டனின் புஷி பூங்காவில் 13 பேர் ஓடியதிலிருந்து அது ஆரம்பித்தது. அதைத் தொடங்கிய பால் சிண்டன்-ஹியூவிட் அப்போது காயம்பட்டு ஓட முடியாமல் இருந்தார்; ஓடும் நண்பர்களின் தொடர்பு விட்டுப்போகக் கூடாது என்பதற்காகவே அதை ஏற்பாடு செய்தார். தூரம் எப்போதும் 5 கிலோமீட்டர். எல்லாருக்கும் பின்னால் ஒரு தன்னார்வலர் நடந்து வருவார் என்பதால் ஓட வருபவர் எவரும் கடைசி ஆளாக முடிக்க நேர்வதில்லை. நடந்தே முடித்தாலும் ஒருவரும் முகம் சுளிக்க மாட்டார்கள்.

மற்றபடி தேடும் இடங்கள் நீங்கள் அறிந்தவைதான்: ஓட்டத்தைப் பதிவுசெய்யும் செயலியான ஸ்ட்ராவாவில் உள்ள குழுக்கள், இன்ஸ்டாகிராம் பக்கங்கள், ஓட்டக் காலணி விற்கும் கடைகள் வாரந்தோறும் நடத்தும் ஓட்டங்கள், வார இறுதியில் பெரிய பூங்காக்களில் ஒரே நிற பனியனோடு கூடும் கூட்டங்கள். இவற்றில் எது புகழ்பெற்றது என்று பார்க்காமல், எது வீட்டுக்குப் பக்கத்தில் இருக்கிறது என்று பாருங்கள். நகரத்தின் மறுகோடியில் இருக்கும் அருமையான குழுவுக்கு இரண்டு வாரம் போவீர்கள்; மூன்றாம் வாரம் மழை வரும், நான்காம் வாரம் வேலை வரும்.

அறிவிப்பில் "எல்லா வேகத்தினரும் வரலாம்" என்று இருந்தால் அதை அப்படியே எடுத்துக்கொள்ளாதீர்கள். நல்ல எண்ணத்தோடுதான் எழுதுகிறார்கள், ஆனால் எழுதிவிட்டு மறந்துவிடுகிறார்கள். நடத்துபவருக்கு ஒரு செய்தி அனுப்பி, "நான் கிலோமீட்டருக்கு 8 நிமிடத்தில் ஓடுபவள், அந்த வேகத்தில் வேறு யார் வருகிறார்கள், பின்னால் வருபவர்களோடு யார் ஓடுவார்?" என்று கேளுங்கள். ஒரு பெயரைச் சொல்லிப் பதில் வந்தால் தயங்காமல் போகலாம். அடுத்ததாக, எந்தப் பாதையில் ஓடுகிறார்கள் என்று கேளுங்கள். ஒரே நீண்ட பாதை என்றால் கூட்டம் சிதறிவிடும். பூங்காவைச் சுற்றிச் சுற்றி ஓடினால் முன்னும் பின்னும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டே இருக்கலாம். சில குழுக்களில் தூரத்தை விட்டுவிட்டு நேரத்தைக் கணக்கில் கொள்வார்கள்: எல்லாரும் புறப்பட்டு, 20ஆவது நிமிடத்தில் அவரவர் எங்கே இருக்கிறாரோ அங்கேயே திரும்பி, போன வேகத்திலேயே திரும்பி வருவார்கள். வேகமானவர் கூடுதல் தூரம் ஓடியிருப்பார், மெதுவானவர் குறைந்த தூரம் ஓடியிருப்பார், இருவரும் 40ஆவது நிமிடத்தில் ஒரே இடத்தில் நிற்பார்கள். புதியவர்கள் வரும் குழுக்கள் யாவும் இதைப் பின்பற்ற வேண்டும் என்பது என் விருப்பம்.

கூடி ஓடும்போது முழு வாக்கியமாகப் பேச முடிகிற வேகமே சரியான வேகம். இரண்டு சொல்லுக்கு ஒரு மூச்சு வாங்க வேண்டியிருந்தால், உடல் தன் எளிய நிலையைத் தாண்டிவிட்டது என்று பொருள். தேர்ந்த ஓட்டக்காரர்கள்கூடத் தங்கள் வாரப் பயிற்சியின் பெரும்பகுதியை இந்த எளிய வேகத்தில்தான் ஓடுகிறார்கள். ஆகவே, வேகமான ஒருவர் உங்களோடு சேர்ந்து மெதுவாக ஓடினால், அவருடைய நாளை நீங்கள் கெடுத்துவிட்டதாக வருந்த வேண்டியதில்லை.

ஓட்டம் தனியாகச் செய்ய வேண்டியதா என்று கேட்டிருந்தீர்கள். ஆக்ஸ்ஃபோர்டு பல்கலைக்கழகப் படகோட்டிகளை வைத்துச் செய்து 2009இல் வெளியான ஓர் ஆய்வில், ஒரே அளவு உழைப்பைத் தனியாகச் செய்தபோது இருந்ததைவிட, குழுவாக ஒரே தாளத்தில் துடுப்பு வலித்தபோது அவர்களுடைய வலி தாங்கும் திறன் கூடியிருந்தது. உடல்கள் சேர்ந்து அசையும்போது நமக்குள் ஏதோ தளர்ந்து இணக்கமாகிறது. பக்கத்தில் பக்கமாக ஓடுபவர்கள் ஒருவர் முகத்தை ஒருவர் பார்க்க வேண்டியதில்லை. பேச்சு நின்றுபோனால் அதை யாரும் நிரப்பவும் வேண்டியதில்லை. புதியவர்களிடம் பேசக் கூச்சப்படுபவர்களுக்கு இதைவிட நல்ல இடம் இருக்குமா என்று எனக்குத் தெரியவில்லை. தனியாக ஓடும் நாட்களையும் விட்டுவிடாதீர்கள், அவற்றின் அமைதி வேறு. வாரத்தில் ஒரு நாள் குழுவுக்கு ஒதுக்கினால் போதும்.

ஆனால் அந்த ஒரு நாள் ஒரே நாளாக, ஒரே குழுவாக இருக்க வேண்டும். கான்சஸ் பல்கலைக்கழகத்தின் ஜெஃப்ரி ஹால் 2018இல் வெளியிட்ட ஆய்வின்படி, அறிமுகமான ஒருவர் ஓரளவு நண்பராக ஏறத்தாழ 50 மணிநேரமும், நெருங்கிய நண்பராக 200 மணிநேரத்துக்கு மேலும் சேர்ந்து கழிக்க வேண்டியிருக்கிறது. வாரம் ஒரு மணிநேரம் ஓடிவிட்டு நேரே வீட்டுக்குப் போனால் முதற்கட்டத்துக்கே கிட்டத்தட்ட ஒரு வருடம் பிடிக்கும். ஓட்டத்துக்குப் பின் ஒரு மணிநேரம் உட்கார்ந்து பேசினால் அது பாதியாகும். ஆகவே ஓட்டத்துக்குப் பின் எங்கே உட்காருகிறார்கள் என்று விசாரியுங்கள்; எங்கும் உட்காருவதில்லை என்றால் வேறு குழுவைப் பாருங்கள். வாராவாரம் நூற்றுக்கணக்கானோர் கூடும் குழுக்களைவிட, பதினைந்து இருபது பேர் தவறாமல் வரும் குழு உங்களுக்கு ஏற்றது. பெருங்கூட்டத்தில் ஒவ்வொரு வாரமும் புதிய முகங்களிடம் பெயரும் வேலையும் சொல்லிக்கொண்டே இருக்க நேரும், பேச்சு அதைத் தாண்டிப் போகாது.

முதல் நாள் பத்து நிமிடம் முன்னதாகப் போய்விடுங்கள்; ஓட்டம் தொடங்கிவிட்டால் அறிமுகத்துக்கு நேரமில்லை. நடத்துபவரிடம் புதியவர் என்று சொல்லுங்கள். சில வாரங்கள் ஆனதும் ஒரு சிறு பொறுப்பைக் கேட்டு வாங்கிக்கொள்ளுங்கள்: பைகளைப் பார்த்துக்கொள்வது, வந்தவர்களின் பெயரைக் குறிப்பது, கடைசியாக ஓடிவருவது. கையில் ஒரு வேலை இருப்பவரிடம் எல்லாரும் தாமாகவே வந்து பேசுவார்கள்.

பாதுகாப்பைப் பற்றிக் கவலைப்பட்டிருந்தீர்கள். ஆள் நடமாட்டமும் வெளிச்சமும் உள்ள இடத்தில் கூடும் குழுவாகவே தேர்ந்தெடுங்கள். ஸ்ட்ராவா போன்ற செயலிகளில், உங்கள் ஓட்டம் தொடங்கும் முடியும் இடங்களை மறைத்துவைக்கும் வசதி இருக்கிறது. வீட்டைச் சுற்றியுள்ள பகுதியை இன்றே மறைத்துவிடுங்கள். உங்கள் உடலைப் பற்றியோ உடையைப் பற்றியோ எவராவது பேசி, அதைக் கேட்டுக் குழு சிரித்தால், இன்னொரு வாய்ப்புக் கொடுக்க வேண்டாம், அன்றே விலகிவிடுங்கள்.

மற்றக் குழுக்களுக்கு ஆறு வாரம் கொடுங்கள். ஆறு வாரத்துக்குப் பின்னும் உங்களைப் பெயர் சொல்லி அழைக்க ஒருவரும் இல்லையென்றால், வருத்தமில்லாமல் அடுத்த குழுவைத் தேடிப் போங்கள்.

கூச்சத்தைப் பற்றிக் கடைசியாக எழுதியிருந்தீர்கள். நண்பர்களைத் தேடி வந்திருக்கிறேன் என்று நடத்துபவரிடம் அந்தச் சொற்களிலேயே சொல்லலாம். கூடி ஓடும் குழுவை நடத்துபவர், பெரும்பாலும், தானும் ஒரு காலத்தில் அப்படித் தேடி வந்தவராகவே இருப்பார். அவரிடம் சொல்லிவிட்டால், உங்களை யாரோடு சேர்த்து ஓடவிடுவது என்பதை அவர் பார்த்துக்கொள்வார்.

அன்புடன்.