'ரேஜிங் புல்' வெளியானபோது ஏன் பெரிதாக ஓடவில்லை?

1980-இல் மார்ட்டின் ஸ்கார்செசி எடுத்த இந்தப் படத்தை இன்று எல்லோரும் தலையில் வைத்துக் கொண்டாடுகிறார்கள். ஆனால் வந்த புதிதில் வசூல் சுமார்தான். காரணம் நாயகன்தான். நான்கு வருடம் முன்பு வந்த 'ராக்கி'யில், தோற்றாலும் கைதட்டத் தோன்றும் குத்துச்சண்டை வீரனை மக்கள் பார்த்திருந்தார்கள். இங்கே ராபர்ட் டி நீரோ நடித்த குத்துச்சண்டை வீரர் ஜேக் லமோட்டாவோ சந்தேகம் முற்றி மனைவியை அடிக்கிறார். சாப்பிட்டுக்கொண்டிருக்கும் தம்பியை, தம்பியின் வீட்டிலேயே புகுந்து உதைக்கிறார். போதாததற்குக் கறுப்பு வெள்ளை.

விமர்சகர்களும் பிரிந்து நின்றார்கள். ரோஜர் ஈபர்ட் மனதாரப் பாராட்டினார், பாலின் கேலுக்குப் பிடிக்கவில்லை. ஆஸ்கரில் 8 பரிந்துரை, 2 விருது: டி நீரோவுக்கும் படத்தொகுப்பாளர் தெல்மா ஷூன்மேக்கருக்கும். சிறந்த படம் விருது 'ஆர்டினரி பீப்பிள்' படத்துக்குப் போனது.

அப்புறம் காற்று மாறியது. அமெரிக்கத் திரைப்படக் கழகத்தின் சிறந்த அமெரிக்கப் படங்கள் பட்டியலில் 1998-இல் 24-ஆம் இடம், 2007-இல் 4-ஆம் இடம்.

என்னைக் கேட்டால், அந்தச் சிறைக் காட்சி ஒன்றே போதும். உடல் பருத்துப்போன லமோட்டா இருட்டில் சுவரைக் குத்திக்கொண்டு அழுகிறார். அவரை மன்னிக்கச் சொல்லிப் படம் நம்மைக் கெஞ்சவே இல்லை. அந்த நேர்மையை ஏற்றுக்கொள்ளத்தான் பார்வையாளர்களுக்குக் காலம் பிடித்தது.